பஃபலோ போனது 2022இல், கிங்ஃபிஷர் வேலைக்கு வந்தது 2025இல்

கனடாவின் பஃபலோ முதலான தேடல் மீட்பு விமானங்கள் பழசாகிவிட்டன, அவற்றைச் சீக்கிரம் மாற்றப்போகிறோம் என்று அரசு அறிவித்தது 2004ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில். அப்போது பிரதமர் போல் மார்ட்டின். அவருக்குப் பிறகு ஸ்டீபன் ஹார்ப்பர் ஒன்பது வருடத்துக்கு மேல் ஆண்டார், ஜஸ்டின் ட்ரூடோவும் ஒன்பது வருடத்துக்கு மேல் ஆண்டார், இப்போது மார்க் கார்னி இருக்கிறார். அந்தப் புதிய விமானம், கிங்ஃபிஷர் என்று பெயர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் காமாக்ஸ் தளத்தில் தேடல் மீட்புப் பொறுப்பை ஏற்றது 2025இல்.

இருபத்தொரு வருடம்! இத்தனைக்கும் இது போர் விமானம் இல்லை. குண்டு போடாது, யாரையும் மிரட்டாது. காட்டில் விழுந்த சிறிய விமானத்தையும் கடலில் கவிழ்ந்த படகையும் தேடிக் கண்டுபிடித்து ஆட்களைக் காப்பாற்றுவது மட்டுமே இதன் வேலை. இதை வாங்கக் கூடாது என்று வாதாடிய கட்சி எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. எல்லோரும் வேண்டும் என்று சொன்ன ஒரு பொருளுக்கு இவ்வளவு காலம் ஏன் பிடித்தது? நான் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவன் இல்லை, ஆனால் இந்தக் கேள்வி பல வருடமாக என்னை விடவில்லை. கிடைத்த அறிக்கைகளை எல்லாம் வாசித்து வந்திருக்கிறேன். அதில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மீட்புக்கு ஹெலிகொப்டர் போதாதா என்று பலர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஹெலிகொப்டர் ஒரே இடத்தில் நின்று கயிறு இறக்கி ஆளைத் தூக்கும், அதை வேறெதுவும் செய்ய முடியாது. ஆனால் அது மெதுவாகப் போகும், அதிக தூரம் போகாது, வழியில் எரிபொருள் நிரப்ப இறங்கவேண்டும். கனடாவின் தேடல் மீட்புப் பொறுப்பில் இருக்கும் பரப்பு நிலமும் கடலுமாகச் சேர்த்து சுமார் 1 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதில் வடக்கே எங்கோ ஒரு மூலையில் அபாயச் சமிக்ஞை கேட்டால் முதலில் போய்ச் சேரக்கூடியது இறக்கை விமானம்தான். அது போய் இடத்தைக் கண்டுபிடிக்கும், மேலே வட்டமிடும், இரவென்றால் வெளிச்சக் குண்டுகளைப் போட்டு நிலத்தைக் காட்டும், கூடாரம், உணவு, உயிர்காப்புத் தெப்பம், படகில் ஏறிய நீரை இறைக்கும் பம்ப் எல்லாவற்றையும் பரசூட்டில் இறக்கும். அப்புறம் செம்மஞ்சள் உடை போட்ட மீட்புத் தொழில்நுட்பர்கள் பின்கதவு வழியாகக் குதிப்பார்கள். இவர்கள் பரசூட் வீரர்கள், மருத்துவ உதவியாளர்கள், மலையேறுபவர்கள், நீரடி நீச்சல்காரர்கள், எல்லாம் ஒரே ஆள். ஹெலிகொப்டர் வந்து சேரும்வரை காயப்பட்டவரை உயிரோடு வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு.

இது எப்படி இருக்கும் என்று தெரிய 1991 அக்டோபர் 30ஐப் பார்க்கவேண்டும். கிரீன்லாந்தின் தூலி தளத்திலிருந்து அலேர்ட்டுக்குப் பொருட்களும் ஆட்களும் கொண்டுபோன ஒரு கனடிய ஹெர்குலிஸ் சரக்கு விமானம், பொக்ஸ்டொப் 22 என்பது அதன் அழைப்புப் பெயர், எல்ஸ்மியர் தீவில் தரையில் மோதி உடைந்தது. அலேர்ட் என்பது வடதுருவத்துக்கு மிக அருகில் மனிதர்கள் ஆண்டு முழுவதும் இருக்கும் இடம். அக்டோபர் கடைசியில் அங்கே சூரியன் எழவே எழாது. விமானத்தில் 18 பேர். நான்கு பேர் மோதலிலேயே இறந்தார்கள். மிச்சமிருந்த 14 பேர் அடிபட்ட உடம்போடு, சிலர் எரிபொருளில் நனைந்த உடையோடு, பனிப்புயலில் கிடந்தார்கள். இத்தனையும் அலேர்ட் தளத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். தரை வழியாகப் போன குழு புயலில் மிகவும் திணறித்தான் போகவேண்டியிருந்தது. கடைசியில் மேலே வட்டமிட்ட விமானங்களிலிருந்து மீட்பு ஆட்கள் இருட்டில், பலத்த காற்றில் குதித்துத்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கே முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் விமானி குளிரில் உறைந்து இறந்துபோயிருந்தார். 13 பேர் பிழைத்தார்கள்.

நான் இந்தக் கணக்கை அடிக்கடி நினைப்பதுண்டு. மீட்பு விமானத்தைப் பற்றிப் பேசும்போது வேகம், தூரம், கதவின் அகலம், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியுமா என்று நாம் வாசிக்கும் ஒவ்வொரு எண்ணும் இப்படிப் பனியில் கிடப்பவர்களின் மணிநேரக் கணக்கு.

சரி, பழைய விமானத்துக்கு வருவோம். பஃபலோ எங்கள் ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த விமானம். 1967இல் சேவைக்கு வந்தது. மொத்தம் 15 வாங்கினார்கள், கடைசிக் காலத்தில் 6 மட்டும் மிஞ்சி, எல்லாம் காமாக்ஸில் 442ஆவது படையணியிடம் இருந்தன. மிகக் குறுகிய ஓடுபாதையில் எழும்பும், இறங்கும், ரொம்ப மெதுவாகப் பறந்தாலும் விழாது, ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நுழைந்து திரும்பி வெளியே வரும். பசிபிக் கரையோர மலைகளில் தேடுவதற்கு இதைவிட நல்ல விமானம் இருந்ததில்லை என்று அதை ஓட்டியவர்கள் சொல்வார்கள், நான் அதை நம்புகிறேன். மற்ற மூன்று தளங்களில், மனிற்றோபாவின் வினிப்பெக், ஒன்ராறியோவின் ட்ரென்டன், நோவா ஸ்கோஷியாவின் கிரீன்வுட், ஹெர்குலிஸ் விமானங்கள் இந்த வேலையைச் செய்தன. அவையும் வயதானவைதான்.

பஃபலோவின் தயாரிப்பு 1980களிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அதைப் பறக்கவைத்தது பராமரிப்புப் பிரிவு. உதிரிப்பாகம் கிடைக்காது, உலகத்தில் வேறு எந்த நாட்டில் ஒரு பஃபலோ ஓரமாக நிற்கிறது, அதிலிருந்து எதைக் கழற்றி வாங்கலாம் என்று தேடவேண்டும், கிடைக்காததைச் செய்விக்கவேண்டும். புதிய விமானம் வாங்கும் கேள்விப்பத்திரமே (டெண்டர்) வராத வருடங்களில் இவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு விமானத்தைத் தயாராக நிறுத்திக் காட்டினார்கள்.

இந்தத் தாமதத்துக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் அவ்வளவு நன்றாக வேலை செய்ததால் ஒட்டாவாவில் யாருக்கும் அவசரம் தெரியவில்லை. பழைய விமானம் நாளைக்கும் பறக்கும் என்றால் கோப்பை அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த வருடம் பார்க்கலாம், தேர்தலுக்குப் பிறகு பார்க்கலாம். ஒரு தேடலுக்கு விமானமே இல்லை என்று ஒரு நாள் வந்திருந்தால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்லியிருக்கவேண்டும். அந்த நாள் வராமல் கீழே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது இன்னும் ஐந்து வருடம், இன்னும் ஐந்து வருடம் என்ற நீடிப்பு.

கணக்காய்வாளர் நாயகம் 2013 வசந்தகால அறிக்கையில் ஒரு அத்தியாயம் முழுவதும் தேடல் மீட்புக்கே ஒதுக்கினார். விமானங்கள் வயதாகிவிட்டன, மாற்று வரவில்லை, ஆட்கள் போதாது, இந்தச் சேவை இப்படியே தாக்குப்பிடிக்குமா என்பது கவலைக்குரியது என்பதுதான் அதன் சாரம். அது வந்து இன்னும் இரண்டு வருடம் கழித்தே கேள்விப்பத்திரம் வெளியானது.

2004க்கும் 2015க்கும் இடையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியே பலர் இதை வெறும் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். கனடாவில் ஒரு இராணுவக் கொள்வனவுக்கு அப்போது மூன்று வீட்டுக்காரர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு எழுதும். விலை பேசி ஒப்பந்தம் போடுவது பொதுப்பணி அமைச்சு. அந்தப் பணத்தில் கனடாவுக்குள் எவ்வளவு வேலை வரும், எந்த மாகாணத்துக்கு வரும் என்று பார்ப்பது கைத்தொழில் அமைச்சு. மூவரும் சேர்ந்து தலையாட்டினால்தான் கோப்பு நகரும். எந்த ஒருவரும் தடுக்கலாம், ஆனால் தாமதத்துக்கு எந்த ஒருவரும் பொறுப்பில்லை.

பாதுகாப்பு அமைச்சு எழுதிய தேவைப் பட்டியல் வெளியே கசிந்ததும் சண்டை தொடங்கியது. அதில் கேட்ட வேகத்தையும் உள்ளறை அளவையும் வைத்துப் பார்த்தால் இத்தாலியின் சி-27ஜே ஸ்பார்ட்டன் ஒன்றுதான் பொருந்தும், வேண்டுமென்றே அதற்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று எயார்பஸ் தரப்பு புகார் சொன்னது. அவர்களுடைய சி-295, கனடாவில் பிறகு கிங்ஃபிஷர் என்று பெயர் பெற்றது இதுதான், கொஞ்சம் மெதுவாகப் போகும், உள்ளே உயரமும் குறைவு. இன்னொரு பக்கம் பஃபலோவின் வடிவமைப்பு உரிமையை வாங்கியிருந்த விக்டோரியாவின் வைக்கிங் எயார் நிறுவனம் புதிய பஃபலோவே செய்து தருகிறோம் என்றது. ஒவ்வொருவருக்கும் ஒட்டாவாவில் பரிந்துபேச ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு மாகாணத்து எம்.பி.க்கள்.

அரசு கடைசியில் தேசிய ஆய்வுப் பேரவையிடம் போய் இந்தப் பட்டியலைச் சோதித்துச் சொல்லுங்கள் என்றது. 2010இல் வந்த பதில், பட்டியல் தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது, இன்ன வேகம் இன்ன அளவு என்று விமானத்தை வரையாமல் செய்யவேண்டிய வேலையைச் சொல்லிக் கேளுங்கள் என்பது. இது நல்ல ஆலோசனை. வெளியே இருந்த ஒரு அமைப்பு ஒரு முறை பார்த்துச் சொன்ன இந்த விஷயத்தை ஆறு வருடம் முன்பே கேட்டிருக்கலாம். அதன் பிறகும் பட்டியலைத் திருப்பி எழுத, நிறுவனங்களோடு கலந்துபேச இன்னொரு ஐந்து வருடம். 2015 மார்ச் 31இல் கேள்விப்பத்திரம் வந்தது, 2016 ஜனவரியில் முடிந்தது. சி-295, ஸ்பார்ட்டன், பிரேசிலின் எம்ப்ரேயர் கேசி-390 என்று மூன்று விமானங்கள் போட்டியில் நின்றன. 2016 டிசம்பர் 8இல் எயார்பஸ் வென்றதாக அறிவித்தார்கள். 16 விமானங்கள், முதல் ஐந்து வருடப் பராமரிப்போடு சேர்த்து 2.4 பில்லியன் டொலர், பராமரிப்பை இருபது வருடத்துக்கு நீட்டினால் 4.7 பில்லியன் வரை. தோற்ற ஸ்பார்ட்டன் தரப்பு அடுத்த மாதமே பெடரல் நீதிமன்றத்துக்குப் போனது.

சி-295 மோசமான விமானம் என்று நான் சொல்லவரவில்லை. பல நாடுகளில் பறக்கிறது, இந்திய விமானப்படையும் 2021இல் 56 வாங்க ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் கியூபெக்கின் பிராட் அண்ட் விட்னி கனடா செய்தது, இரவில் உடல் வெப்பத்தைப் பார்க்கும் கமரா ஒன்ராறியோவில் செய்தது, பராமரிப்பு நியூஃபவுண்ட்லாந்தின் பிஏஎல் நிறுவனத்திடம். அந்தக் கமராவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பஃபலோவில் தேடல் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணால் தேடுவது. மணிக்கணக்காக மரம், பாறை, பனி, மரம், பாறை, பனி. கண் களைத்துவிடும், அதனால் ஆளை மாற்றி மாற்றி உட்காரவைப்பார்கள். காட்டில் விழுந்த சிறிய விமானம் பெரும்பாலும் மரங்களுக்கு அடியில் போய்விடும், மேலிருந்து தெரிவது ஒடிந்த ஒரு கிளைதான். புதிய விமானத்தின் கருவி இருட்டிலும் மிகத் தூரத்திலிருந்தே ஒரு மனித உடலின் சூட்டைப் பிடிக்கும். இது பெரிய முன்னேற்றம், இதை மனதாரச் சொல்கிறேன். பத்து வருடம் முன்பே வந்திருக்கவேண்டும் என்ற கோபமும் அதனாலேயே வருகிறது.

முதல் கிங்ஃபிஷர் காமாக்ஸுக்கு 2020இல் வந்தது. ஆனால் வந்தவுடன் வேலைக்குப் போகவில்லை. தொழில்நுட்பக் கையேடுகளில் குறை என்று தொடக்கத்திலேயே இழுபறி, பிறகு கொவிட், பிறகு விமானத்தின் எடைச் சமநிலை பற்றியும் பரசூட்டில் குதிப்பது பற்றியும் பாதுகாப்புக் கேள்விகள். மீட்பு ஆட்கள் பத்திரமாகக் குதிக்க முடியாத மீட்பு விமானத்தை ஏற்க முடியாது என்று விமானப்படை நின்றது சரிதான். ஆனால் பஃபலோவின் கடைசிப் பணி நாள் 2022 ஜனவரி 15. புதியது தயாராகவில்லை, பழையது போய்விட்டது. இடைப்பட்ட மூன்று வருடத்துக்கு மேல் ஹெர்குலிஸைக் கொண்டுவந்து காமாக்ஸில் நிறுத்திச் சமாளித்தார்கள். மறுபடியும் அதே கதைதான், கீழே இருப்பவர்கள் சமாளித்தார்கள், மேலே இருப்பவர்களுக்கு நெருக்கடி தெரியவில்லை.

இதற்கு முன்பும் இதே நாட்டில் இதே பாடம் நடந்திருக்கிறது. 1992இல் பிரையன் மல்ரோனியின் கன்சர்வேட்டிவ் அரசு கடற்படைக்கும் மீட்புக்கும் சேர்த்து ஈஎச்-101 ஹெலிகொப்டர்களை வாங்க ஒப்பந்தம் போட்டது. 1993 தேர்தலில் ஜோன் கிரெட்டியென் இவை காடிலாக் ஹெலிகொப்டர்கள், நமக்குத் தேவையில்லாத சொகுசு என்று பிரசாரம் செய்து வென்று, பதவிக்கு வந்தவுடன் ரத்து செய்தார். ரத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 50 கோடி டொலர் போனது. நான்கு வருடம் கழித்து, 1998 ஜனவரியில், அதே அரசு மீட்புக்கு 15 கோர்மொரண்ட் ஹெலிகொப்டர்களை வாங்கியது. கோர்மொரண்ட் என்பது அதே ஈஎச்-101தான். அவை வந்துசேர்வதற்கு முன், 1998 அக்டோபர் 2இல், கிரீன்வுட் தளத்தைச் சேர்ந்த ஒரு லாப்ரடோர், அறுபதுகளில் வாங்கிய ஹெலிகொப்டர், கியூபெக்கின் காஸ்பே பகுதியில் மார்சுயி அருகே தீப்பிடித்து விழுந்து அதிலிருந்த ஆறு பேரும் இறந்தார்கள்.

முதல் ஒப்பந்தம் நின்றிருந்தால் அந்த லாப்ரடோர் அன்று பறந்திருக்காது என்று சொல்ல முடியுமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பழைய இயந்திரத்தோடு ஆட்களை அனுப்பும் வருடங்களை நீட்டியது ஒரு தேர்தல் வாக்குறுதி, அதை மறுக்க முடியாது. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், அந்த 1993க்குப் பிறகு ஒட்டாவாவின் அதிகாரிகளும் அமைச்சர்களும் தவறான விமானத்தை வாங்கிவிட்டோம் என்ற பெயருக்குப் பயந்தார்கள், வாங்காமல் இருந்ததற்கு யாரும் பெயர் கெடவில்லை. அதனால் எல்லோரும் வாங்காமல் இருக்கும் பக்கமே சாய்ந்தார்கள்.

அடுத்து வடக்கு. இதில்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இவ்வளவு வருடம் விமானத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள், விமானம் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றவில்லை. நான்கு தளங்களும் நாட்டின் தெற்கு ஓரத்தில் இருக்கின்றன. வினிப்பெக்கிலிருந்து நுனாவுட்டின் ரெசொலூட் பேக்கு நேர்கோட்டில் 2,700 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 480 கிலோமீட்டர் போகும் கிங்ஃபிஷர் அங்கே போய்ச்சேர ஆறு மணி நேரம் ஆகும், எதிர்க்காற்று இருந்தால் இன்னும் மேலே. ஹெர்குலிஸ் இதைவிட வேகமாகப் போகும். ஆக, புதிய விமானம் வந்ததும் வடக்கில் காத்திருக்கும் நேரம் கூடுகிறது. தளத்தை நகர்த்தவேண்டும் என்றால் ஒரு ஊரின் வேலைவாய்ப்பு போகும், ஒரு தொகுதி போகும், அதனால் நான்கும் அப்படியே நின்றுவிட்டன.

2011 ஆகஸ்ட் 20இல் அதே ரெசொலூட் பேயில் ஒரு பயணிகள் விமானம் தரையிறங்கும் நேரத்தில் குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள், மூவர் பிழைத்தார்கள். அந்த வாரம் தற்செயலாக ஒப்பரேஷன் நனூக் இராணுவப் பயிற்சி அங்கே நடந்துகொண்டிருந்தது, அதில் விமான விபத்து மீட்பு ஒத்திகையும் ஒரு பகுதி. ஆட்களும் ஹெலிகொப்டர்களும் மருத்துவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள், உடனே ஓடினார்கள். வேறு எந்த வாரமாக இருந்தாலும் தெற்கிலிருந்துதான் விமானம் கிளம்பியிருக்கவேண்டும். அதே வருடம் அக்டோபர் 27இல் நுனாவுட்டின் இக்லூலிக் அருகே படகில் சிக்கிய இரண்டு வேட்டைக்காரர்களைக் காப்பாற்ற ட்ரென்டனிலிருந்து போன ஹெர்குலிஸிலிருந்து மூன்று மீட்பு ஆட்கள் பனிக்கட்டி மிதக்கும் கடலில் குதித்தார்கள். வேட்டைக்காரர்கள் பிழைத்தார்கள், குதித்தவர்களில் ஒருவர் இறந்தார். இன்யூட் மக்கள் வருடம் முழுவதும் அந்தக் கடலில் வாழ்கிறவர்கள், அவர்களுக்கு உதவி ஒன்ராறியோவிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நேரம். வேலை நாளில் பகல் எட்டு மணி நேரம் என்றால் அழைப்பு வந்து 30 நிமிடத்தில் விமானம் எழும்பவேண்டும். இரவு, சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் இரண்டு மணி நேரம். 2009 மார்ச் 12இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே எண்ணெய்த் தொழிலாளர்களை ஏற்றிப்போன ஹெலிகொப்டர் கடலில் விழுந்து 17 பேர் இறந்தபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. கேண்டர் தளத்தின் கோர்மொரண்ட்கள் அன்று பயிற்சிக்காக நோவா ஸ்கோஷியாவின் சிட்னியில் இருந்தன. உயிரோடு கிடைத்த ஒரே ஆளைத் தூக்கியது ஹெலிகொப்டர் நிறுவனத்தின் சொந்த மீட்பு இயந்திரம். அந்த இரண்டு மணி நேர விதியை மாற்ற ஆட்கள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பில்லியன் கணக்கில் விமானம் வாங்கும்போதே அதையும் சேர்த்துப் பேசியிருக்கவேண்டும். பேசவில்லை.

நியூஃபவுண்ட்லாந்து என்றதும் எங்கள் ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1986 ஆகஸ்ட் 11. ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து, நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்ட 155 தமிழர்கள் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களை முதலில் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீனவக் கப்டன். அன்று எந்த விமானமும் அவர்களைத் தேடவில்லை, ஏனென்றால் அவர்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. ஒரு மீன்பிடிப் படகு அந்த வழியாக வந்தது, அவ்வளவுதான். அதை நான் இங்கே சொல்வது விமானத்தின் பெருமைக்காக இல்லை. அந்தக் கடலில் ஆள் எவ்வளவு சிறியது என்பது இந்த நாட்டில் எங்களுக்குத் தெரியும். எங்களில் எத்தனையோ வீடுகளில் அந்தப் படகில் வந்த ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேடல் மீட்பு பற்றிய செய்தி வந்தால் இது கனடிய வெள்ளைக்காரர்களின் விமானப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட எங்களால் முடியாது, முடியக் கூடாது.

இதை எழுதத் தொடங்கியபோது ஒரு நண்பர் கேட்டார், விமானம்தான் வந்துவிட்டதே, இனி ஏன் என்று. 2025இல் வந்தது ஒரு தளத்துக்கு. மற்ற மூன்று தளங்களும் மாறி முடியவேண்டும். அதோடு ஹெலிகொப்டர் பக்கத்தில் அதே கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கோர்மொரண்ட்கள் இருபது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றில் 13ஐப் புதுப்பித்து மூன்று புதியவற்றைச் சேர்க்க 2022 டிசம்பரில் 1.24 பில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ட்ரென்டனில் கோர்மொரண்ட் போதாமல் பல வருடமாக கிரிஃபன் ஹெலிகொப்டர்களை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். கிரிஃபன் மீட்புக்கென்று செய்த இயந்திரம் இல்லை, சிறியது, அதிக தூரம் போகாது, உறைபனிக்குள் அதை ஓட்டுவது கஷ்டம். அதை ஓட்டுபவர்கள் கெட்டிக்காரர்கள், அதனால் செய்தியில் வருவதில்லை.

எனக்கு ஒரு கோரிக்கைதான். பழைய இயந்திரம் எந்தத் தேதியில் ஓய்வு பெறும் என்பதை முதலில் சட்டம்போல் எழுதிவைக்கட்டும். அந்தத் தேதிக்குள் புதியது தயாராகவில்லை என்றால் எந்த அமைச்சர் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து விளக்கம் சொல்லவேண்டும் என்று பெயரோடு எழுதட்டும். மூன்று அமைச்சுகளும் இருக்கட்டும், ஆனால் காலக்கெடுவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கட்டும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் வாசலுக்கு வரும் எம்.பி.க்களிடம் குடிவரவைப் பற்றிக் கேட்கிறோம், வீட்டு விலையைப் பற்றிக் கேட்கிறோம். அடுத்த முறை வரும்போது இதையும் கேளுங்கள். ட்ரென்டனில் கிரிஃபனுக்குப் பதில் எது, எந்த மாதம்? இக்லூலிக்கில் ஒரு படகு கவிழ்ந்தால் இன்றைக்கு எத்தனை மணி நேரம்? பதில் தெரியாது என்றால், தேடிச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லி மின்னஞ்சல் முகவரியை எழுதிக்கொடுங்கள்.